ஐ.சி.யு.வில் பாட்டியைப் பார்க்கப் போகிறீர்களா?

ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வேண்டாம். உள்ளே பெரும்பாலும் விடமாட்டார்கள். நர்ஸிடம் கேட்டுவிட்டு, பாட்டியின் மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் எடுத்துப் போங்கள். அவை இல்லாமல் படுத்திருக்கும் முதியவர்களுக்கு இரவு பகல் குழம்பலாம், பேச்சும் தடுமாறலாம். மறதி நோய் வந்துவிட்டதோ என்று உடனே பயப்படாதீர்கள். பல சமயம் இது தற்காலிகம்தான். ஆனால் டாக்டரிடமோ நர்ஸிடமோ கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

"என்னை யாருன்னு தெரியுதா?" என்ற பரீட்சை வேண்டவே வேண்டாம். (சொந்தக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்!) "பாட்டி, நான் குமார் வந்திருக்கேன். இன்னிக்கு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் 5 மணி" என்று நீங்களே சொல்லுங்கள்.

உள்ளே போகும் முன்னும் வந்த பின்னும் 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சளி, இருமல் இருந்தால் வீடியோ கால் போதும். பாட்டி தண்ணீர் கேட்டாலும் நர்ஸைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடலாம்.