உறைந்தும் ஓடும் பொருள்

பொருள்கள் திண்மம், திரவம், வாயு என மூவகைப்படும் என்பது கீழ்வகுப்பில் நாம் கற்ற பாடம். திண்மத்தில் அணுக்கள் நிரைநிரையாய்த் தத்தம் இடத்தில் நிற்கும். திரவத்தில் இடம்பெயர்ந்து ஓடும். நிற்றலும் ஓடலும் ஒருங்கமைந்த பொருள் உண்டோ? உண்டாயின் அதனை மீத்திண்மம் எனலாம்.

ஈண்டு ஓட்டம் என்றது உராய்வு சிறிதுமற்ற ஓட்டத்தையே. திரவ ஈலியம் கடுங்குளிரில் அவ்வாறு ஓடும் என்பது 1938 இல் வெளியாயிற்று. அந்நிலை மீப்பாய்மம் எனப்படும். திண்மத்திலும் அஃது இயலும் என 1969 இல் ருஷ்ய அறிஞர் அந்திரேயெவ், லிப்சிற்ஸ் ஆகியோர் கருதினர். 2004 இல் அமெரிக்காவின் பென்சில்வேனிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிம், சான் என்னும் இருவர் திண்ம ஈலியத்தை முறுக்கி அலைவித்தபோது, அதன் ஒரு பகுதி அலைவிற் சேராது நிற்பதுபோற் கண்டனர். ஈலியம் குளிரில் விறைப்புறுவதாலும் அத்தோற்றம் எழலாம் என்ற ஐயம் பின்னர்ப் பிறந்தது. 2012 இல் சான் கருவியைத் திருத்தி மீண்டும் சோதித்தார். பழைய அறிகுறி மறைந்தது. அதனை அவரே உலகறியக் கூறினார்.

ஈலியத்திற் காணாததை வாயுவிற் கண்டனர். 2019 இல் இத்தாலியின் பீசா, ஜேர்மனியின் ஸ்ருட்காட், ஒஸ்திரியாவின் இன்ஸ்புறுக் ஆகிய நகரங்களிலுள்ள மூன்று குழுவினர் டிஸ்புரோசியம் அணுக்களைத் தனிப்பூச்சியத்தை அணுகக் குளிர்வித்தனர். இன்ஸ்புறுக்கில் எர்பியமும் ஆராயப்பட்டது. எஞ்சிய வெப்பம் ஒரு பாகையின் கோடியில் ஒரு பங்களவே.

இவ்வணு ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். முனையோடு முனை நேர்ந்தால் ஒன்றையொன்று ஈர்க்கும். பக்கத்தோடு பக்கம் நேர்ந்தால் விலக்கும். இவ்விரு விசைகளால் வாயு இடைவெளி ஒத்த துளிகளாய் அணிவகுக்கும். குவாண்டம் ஏற்றவிறக்கம் அத்துளிகள் மேலும் ஒடுங்காமற் காக்கும். துளிகள் முற்றும் பிரிந்துவிடின் அது மீத்திண்மம் அன்று. தோட்டத்துப் பாத்திகள் வரிசையாய் அமைந்தும் வாய்க்காலால் ஒரே நீரைப் பகிர்வதுபோல, துளிகள் தம்முள் அணுக்களைப் பகிர்தல் வேண்டும். அடைத்துவைத்த பொறியினின்று விடுவிக்கப்பட்ட துளிகள் விரிந்து, அலைகள்போற் கலந்து, ஒழுங்கான வரிகளைத் தந்தமை அவ்விணைப்பைக் காட்டிற்று.

எனினும் உராய்வற்ற ஓட்டத்துக்கு மற்றொரு சான்று வேண்டியிருந்தது. மீப்பாய்மத்தைச் சுழற்றினால் அது திண்மம்போல் முழுதாய்ச் சுழலாது. ஆங்காங்கே நுண்சுழிகள் தோன்றும். இன்ஸ்புறுக் குழுவினர் காந்தப்புலத்தின் திசையைச் சுழற்றி மீத்திண்மத்தைக் கலக்கினர்; துளிகளினிடையே அச்சுழிகளைக் கண்டு 2024 இல் வெளியிட்டனர்.

கருதியதற்கும் கண்டதற்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்தது. அவ்விடைக்காலத்தில், தாம் கண்டதைத் தாமே மறுத்தவரின் பணியும் இவ்வறிவுக்கு உரமாயிற்று. விடை கண்டவுடன் ஏட்டை மூடும் மாணவர் இதனை உளங்கொள்வாராக.