மென்பொருள் நிறுவ முடியவில்லையா?

விண்டோஸ் கணினியில் இன்ஸ்டலேஷன் பாதியில் நின்றால், இவற்றை வரிசையாகப் பாருங்கள்.

● திரையில் தோன்றும் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1618 என்றால், வேறொரு இன்ஸ்டலேஷன் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அது முடியும்வரை பொறுங்கள். முடியாவிட்டால் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

● 'சி' டிரைவில் காலியிடம் இருக்கட்டும். வேறு டிரைவில் நிறுவினாலும், தற்காலிகக் கோப்புகள் பெரும்பாலும் அங்கேதான் சேரும்.

● 32 பிட் விண்டோஸில் 64 பிட் மென்பொருள் இயங்காது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் பகுதிக்குப் போனால் உங்களுடையது எதுவென்று தெரியும்.

● செட்டப் கோப்பின் மீது ரைட் கிளிக் செய்து, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துப் பாருங்கள்.

● டவுன்லோடு இடையில் துண்டிக்கப்பட்டால் கோப்பு பழுதாகியிருக்கலாம். அதை அழித்துவிட்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே மீண்டும் இறக்குங்கள்.

● பழைய பதிப்பு இருந்தால் அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்தபின் புதியதை நிறுவுங்கள். முக்கியக் கோப்புகளை முன்னதாகவே பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.

● 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுங்கள்' என்று சொல்லும் கிராக் பதிப்புகளைத் தொடவே வேண்டாம். இலவசமாக வரும் அந்தக் கோப்பு, உங்கள் வங்கிக் கடவுச்சொல்லையே திருடிவிடக்கூடும்.