பேக்கிங் பவுடர் முதலாளியின் பந்தயத் திடல்: பங்காளிப் பிணக்கில் இலாபம் யாருக்கு?

"ரேஸ்" என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர்களுக்கு புக்கிக் கடையும் குதிரைப் பந்தயச் சூதும்தான் நினைவுக்கு வரும். இவ்வாரம் நாம் பேச வந்தது அதுவல்ல. கார்களைக் கட்டி, ஓட்டி, டிக்கட் விற்று, விளம்பரம் பிடித்து நடத்தப்படும் ஒரு தொழிலைப் பற்றியே பேசப் போகின்றோம். நூறு வருடங்களுக்கு மேல் நீடித்த இத்தொழில் ஒரு மளிகை மொத்த வியாபாரியின் கையில் உயிர் பெற்றது. வாரிசின் காலத்துப் பிணக்கினால் நலிந்தது. கடைசியில் எதிர்த் தரப்பில் இருந்த ஒருவரின் கைக்கே போய்ச் சேர்ந்தது. லுணுகலையிலோ பசறையிலோ பிபிலையிலோ கடை வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கதை அந்நியமானதல்ல.

செங்கல் பதித்த திடல்

அமெரிக்காவின் இன்டியானாபொலிஸ் நகரில் 1909 ஆம் ஆண்டு நான்கு வர்த்தகர்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு மோட்டார் பந்தயத் திடலை அமைத்தார்கள். நீள்வட்ட வடிவிலான அதன் ஓடுபாதை ஒரு சுற்றுக்கு இரண்டரை மைல். அதாவது சுமார் 4 கிலோமீற்றர். வளைவுகள் சற்றுச் சாய்த்துக் கட்டப்பட்டவை. இங்கு பிற்காலத்தில் நிலைத்தவை, மட்கார்ட் எதுவுமின்றி நான்கு சக்கரங்களும் வெளியே தெரியும், ஓட்டுநர் ஒருவர் மாத்திரம் அமரும் கார்கள்.

ஆரம்பத்தில் கல்லும் தாரும் கலந்து போடப்பட்ட பாதை, முதல் பந்தயங்களிலேயே பெயர்ந்து போனது. ஓட்டுநரும் உதவியாளர்களும் பார்வையாளர்களும் உயிரிழந்தனர். அந்த நான்கு பங்காளிகளும் திடலை இழுத்து மூடவுமில்லை, அப்படியே விட்டு வைக்கவுமில்லை. அதே வருடத்தில் 32 இலட்சம் செங்கற்களைப் பதித்துப் பாதையைப் புதிதாக்கினார்கள். 1911 இல் முதலாவது 500 மைல் பந்தயம் நடந்தது. வென்றவர் ரே ஹரூன். அவருக்கு எடுத்த நேரம் 6 மணி 42 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 120 கிலோமீற்றர். அதே 500 மைல்களை 2021 இல் ஹெலியோ கஸ்ட்ரோநெவஸ் 2 மணி 37 நிமிடத்தில், சராசரி 307 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி முடித்தார்.

பாதுகாப்புக்குச் செலவழிக்கும் பணம் வீண் செலவல்ல என்பதை எமது மாவட்டத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டியில் தடம் விலகிய கார் பார்வையாளர் மீது மோதி 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களின் உயிர், நடத்துபவர்களின் கையில் உள்ள அமானிதம். கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கும் இது பொருந்தும். ஆடும் ஏணியும், உரிந்த மின் வயரும், காலாவதியான பொருளும் அதே அமானிதத்துக்குள் அடங்கும்.

மளிகை வியாபாரி வாங்கினார்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திடல் மூடப்பட்டுப் புல் முளைத்துக் கிடந்தது. அதனை 1945 நவம்பரில் 750,000 டொலருக்கு வாங்கியவர் டோனி ஹல்மன் என்பவர். அவர் பந்தய ஓட்டுநரல்ல. டெரஹோட் என்ற ஊரில் பரம்பரையாக மளிகை மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தவர். அவர்களது பேர் போன சரக்கு "கிளாபர் கேர்ள்" என்ற பேக்கிங் பவுடர்.

திடலிலிருந்து வந்த வருமானத்தை ஹல்மன் திடலிலேயே போட்டார். ஆசன வரிசைகள் கூடின. கட்டடங்கள் எழுந்தன. மக்கள் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினர். வென்றவர் மதுவைப் பீச்சியடிக்கும் ஏனைய பந்தயங்களைப் போலன்றி இங்கு வென்றவர் பால் குடிப்பதே வழக்கம். 1936 இல் லூயிஸ் மேயர் என்ற ஓட்டுநர் வெற்றிக்குப் பின் மோர் குடித்ததே அதன் ஆரம்பம். கடையில் கிடைக்கும் இலாபத்தைக் கடையிலேயே போட்டவரின் கதை இது. கடை வளருமுன் வீட்டுக்கு மேல்மாடி எழுப்புபவர்கள் சற்று யோசிக்க வேண்டிய இடமும் இதுவே.

எஞ்சின் பின்னால் போனது

ஐம்பதுகளில் இத்திடலில் ஓடியவை முன்பக்கம் எஞ்சின் வைத்த பாரமான கார்கள். "ஒபன்ஹவுசர்" எஞ்சினுக்கு எதிரி இல்லை என்ற நிலை. 1961 இல் அவுஸ்திரேலியரான ஜக் பிரபாம் ஒரு சின்னக் காரோடு வந்தார். எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தது. வலுவும் குறைவு. பழையவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் இலேசான அந்தக் கார் வளைவுகளில் வேகம் குறையாமல் திரும்பி ஒன்பதாவதாக வந்தது. 1964 இல் ஏ.ஜே. பொய்ட் வென்றதே முன் எஞ்சின் கார் ஒன்றின் கடைசி வெற்றி. 1965 இல் ஜிம் கிளார்க் பின் எஞ்சின் வைத்த லோட்டஸ் காரில் வென்றார். நான்கே வருடங்களில் ஒரு தலைமுறையின் அறிவு பழைய இரும்பு விலைக்குப் போனது.

அதன் பின்னர் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகளும், டர்போ எஞ்சின்களும் வந்தன. 1996 இல் ஆரி லயன்டைக் தகுதிச் சுற்றில் எட்டிய மணிக்கு 381 கிலோமீற்றர் என்ற சராசரி இன்னும் முறியடிக்கப்படவில்லை. வேகம் ஏற ஏறச் செலவும் ஏறியது. செலவு ஏறிய இடத்தில் கணக்குப் பிணக்கும் ஏறியது.

பெரிய பிளவு

இக்கதையின் நடுப்பகுதி இதுதான். 1977 இல் டோனி ஹல்மன் காலமானார். அடுத்த வருடமே கார் அணிகளின் சொந்தக்காரர்கள் சிலர் தனிச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அதன் பெயர் கார்ட். "பணத்தைப் போடுவது நாங்கள், கிடைக்கும் பங்கோ அற்பம், தீர்மானங்களில் எமக்குக் குரலுமில்லை" என்பது அவர்களது குறை. அதில் நியாயம் இருந்தது. சங்கத்தை முன்னின்று அமைத்தவர்களில் ஒருவர் ரோஜர் பென்ஸ்கி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு வரை சென்ற தகராறுக்குப் பின் ஒருவாறு சமாளிப்பு ஏற்பட்டது. திடல் ஹல்மன் குடும்பத்திடம். ஏனைய பந்தயங்கள் பெரும்பாலும் கார்ட் சங்கத்திடம். 1990 இல் ஹல்மனின் பேரன் டோனி ஜோர்ஜ் திடலின் தலைவரானார். செலவு கட்டுக்கடங்காமல் போகிறது, நீள்வட்டப் பந்தயங்கள் குறைகின்றன, உள்நாட்டு ஓட்டுநருக்கு இடமில்லை என்பன அவரது குறைகள். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பேசித் தீர்ப்பதற்குப் பதிலாக 1996 இல் அவர் தனித் தொடர் ஒன்றை ஆரம்பித்தார். பந்தயத்தில் ஓடும் 33 கார்களில் 25 இடங்கள் தனது தொடரில் ஓடுபவர்களுக்கே என்று விதித்தார்.

கார்ட் தரப்பும் விட்டுக் கொடுக்கவில்லை. 1996 மே 26 ஆம் திகதி இன்டியானாபொலிஸில் பந்தயம் நடந்த அதே நாளில் மிச்சிகன் மாநிலத்தில் போட்டிப் பந்தயம் ஒன்றை நடத்தினார்கள். பார்வையாளர் இரண்டாகப் பிரிந்தனர். விளம்பரதாரரும் பிரிந்தனர். இரு தரப்புக்கும் வேறு வேறு கார்கள், வேறு வேறு எஞ்சின்கள். ஒரே ஊரில், ஒரே தெருவில், வாப்பா விட்டுச் சென்ற கடைக்கு எதிரே தம்பி இன்னொரு கடையைத் திறந்து, இருவரும் நட்டத்துக்கு விற்கும் காட்சியை நாம் காணாததா?

இரு கடைக்காரரும் சண்டையில் இருக்கும்போது வாடிக்கையாளர் மூன்றாவது கடைக்குப் போவார். இங்கு மூன்றாவது கடை, சாதாரணக் கார் போன்ற தோற்றமுடைய கார்களை ஓட்டும் நாஸ்கார் பந்தயம். 1994 இல் அதனை இன்டியானாபொலிஸ் திடலுக்கு அழைத்து வந்ததும் டோனி ஜோர்ஜே. பிளவு நீடித்த காலத்தில் நாஸ்கார் அமெரிக்காவின் முதன்மைப் பந்தயமாக வளர்ந்தது. பங்குச் சந்தை வரை போன கார்ட் கம்பனி 2003 பந்தயப் பருவத்தோடு நொடித்துப் போனது. அதன் மிச்சம் வேறு பெயரில் இயங்கி, 2008 இல் எதிர்த் தரப்போடு மீண்டும் இணைந்தது. 12 வருடங்கள்! ஒரு பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும் வயதை எட்டும் வரை வாடிக்கையாளர் வேறு கடைக்குப் பழகிப் போனார். மீண்டும் ஒன்றான போது பழைய கூட்டம் திரும்பி வரவில்லை.

கோயம்புத்தூர் இளைஞரும் திருப்பிக் கொடுத்த டிக்கட் பணமும்

பிளவுக் காலத்தில், 2000 ஆம் ஆண்டு முதல், இதே திடலில் போர்முலா 1 பந்தயமும் நடத்தப்பட்டது. நீள்வட்டத்தின் சாய்ந்த வளைவொன்றும் அதற்கான பாதையில் சேர்க்கப்பட்டது. 2005 ஜூன் 19 ஆம் திகதி அந்த வளைவே வினையானது. மிஷெலின் கம்பனியின் டயர்கள் அங்கு தாங்காது என்பது பயிற்சியின்போது தெரிய வந்தது. தீர்வு காண முடியாமல் போகவே, அந்த டயரில் ஓடிய 14 கார்களும் ஆரம்பத்திலேயே விலகிக் கொண்டன. மிஞ்சியவை ஆறு கார்கள். அவற்றில் ஒன்றை ஓட்டிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து, போர்முலா 1 இல் புள்ளி பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்ததை. மிஷெலின் கம்பனி தனது டயரின் குறையை மறைத்து ஓட விடவில்லை. பார்வையாளருக்கு டிக்கட் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அடுத்த வருடப் பந்தயத்துக்கு 20,000 டிக்கட்டுகளை வாங்கி அவர்களுக்கே வழங்குவதாகவும் அறிவித்தது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவ்வியாபாரியிடம் கேட்ட சம்பவம் நாம் சிறு வயதிலிருந்தே அறிந்தது. அறிந்ததைச் செய்பவர் யார் என்பதே கேள்வி.

எல்லோருக்கும் ஒரே கார்

நரேன் இந்த இடத்தை எட்டியதற்கு முன்னோடி, அவரது ஊரைச் சேர்ந்த நெசவாலை உரிமையாளர் எஸ். கரிவர்தன். சென்னைக்கு வடக்கே, பழைய விமான ஓடுபாதையான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்திய காலத்தில், வெளிநாட்டிலிருந்து ஒற்றை இருக்கைக் கார் தருவிக்கும் வசதி செல்வந்தருக்கே இருந்தது. கரிவர்தன் 1988 அளவில் மாருதி 800 காரின் சிறிய எஞ்சினைப் பொருத்தி, உள்ளூரிலேயே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே வகைக் கார். ஒரே எஞ்சின். வெல்ல வேண்டுமானால் ஓட்டத் தெரிய வேண்டும். "போர்முலா மாருதி" எனப்பட்ட இவ்வகையில்தான் நரேன் தொடங்கினார். 1995 இல் விமான விபத்தொன்றில் கரிவர்தன் காலமானார். கோயம்புத்தூரில் உள்ள பந்தயத் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1937 இல் பஸ் போக்குவரத்தில் ஆரம்பித்துச் சங்கிலி உற்பத்திக்கு மாறிய அவ்வூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் பெயரிலும் இதே வழியில் மலிவான கார்கள் ஓடின.

இன்டியானாபொலிஸும் இறுதியில் இதே வழிக்கு வந்தது. 2012 முதல் அத்தொடரில் எல்லா அணியினரும் இத்தாலியின் டல்லாரா கம்பனி செய்யும் ஒரே கார்க் கூட்டையே பயன்படுத்துகின்றனர். எஞ்சின் தருபவை இரண்டு கம்பனிகள். புதிய அணிகள் நுழைய முடிகிறது. போட்டி நெருக்கமாக இருக்கிறது. கரிவர்தன் 24 வருடங்களுக்கு முன் கண்டுகொண்ட உண்மை இது: செலவைப் பொதுவாக்கு, திறமையில் போட்டியிடு.

எமது தெருவுக்கு என்ன பாடம்?

2019 ஆம் ஆண்டு ஹல்மன் குடும்பம் பேக்கிங் பவுடர் கம்பனியை விற்றது. அதே வருடம் நவம்பரில் 74 வருடங்களாக வைத்திருந்த திடலையும் பந்தயத் தொடரையும் விற்பதாக அறிவித்தது. வாங்கியவர் ரோஜர் பென்ஸ்கி. ஆம், 1978 இல் குறை சொல்லித் தனிச் சங்கம் அமைத்தவர்களில் ஒருவர். 41 வருடங்களுக்கு முன் அவருக்கு மேசையில் ஓர் ஆசனம் கொடுத்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கூட்டு வியாபாரம் செய்வோர் இதிலிருந்து இரண்டு விடயங்களை இன்றே செய்யலாம். முதலாவது, எழுதிக் கொள்ளுங்கள். யார் எவ்வளவு முதல் போட்டார், இலாபம் எந்த வீதம், யார் தீர்மானம் எடுப்பது, ஒருவர் மௌத்தானால் அவரது பிள்ளைகளுக்கு என்ன, ஒருவர் விலக விரும்பினால் எப்படிக் கணக்குத் தீர்ப்பது என்பதெல்லாம் சாட்சிகளோடு எழுத்தில் இருக்கட்டும். கடனை எழுதிக் கொள்ளுமாறு அல்குர்ஆன் எமக்குக் கட்டளையிட்டிருக்க, "நாங்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், எழுத்து எதற்கு?" என்று சொல்வது நம்பிக்கையல்ல, சோம்பல்.

இரண்டாவது, போட்டி எங்கே, கூட்டு எங்கே என்று பிரித்தறியுங்கள். புறக்கோட்டையிலிருந்து சரக்கு ஏற்ற ஒரே தெருவின் ஐந்து கடைகளும் ஐந்து லொறிகளை அனுப்பத் தேவையில்லை. ஒரு லொறியின் கூலியைப் பகிர்ந்து கொள்ளலாம். தோட்டத்துச் சம்பள நாளில் ஒருவரையொருவர் முந்தக் கடன் கொப்பியை நீட்டி நட்டப்படுவதற்குப் பதிலாக, கடனுக்குப் பொதுவான ஓர் எல்லையை வைத்துக் கொள்ளலாம். அதன் பின் நல்ல சரக்கு, சரியான நிறை, நல்ல வார்த்தை என்பவற்றில் தாராளமாகப் போட்டியிடுங்கள்.

பங்காளிகள் ஒருவருக்கொருவர் துரோகம் செய்யாத வரை அக்கூட்டில் அல்லாஹ்வின் உதவி உண்டு என்ற கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது. வல்ல நாயன் எமது கூட்டுகளைப் பிரிவினையிலிருந்து காத்து, எமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.