வேலை கேட்கும் உரிமையும் நெய்வேலி வட்டாரத்துச் சிற்றூர்களும்

வெளியூர் அன்பர்கள் நெய்வேலிக்கு வரும்போது, “இவ்வளவு பெரிய சுரங்கம் இருக்கையில் இப்பக்கத்துக் கிராமங்களில் வேலைக்கு என்ன பஞ்சம்?” என்று வினவுவதுண்டு. வினா நியாயமானதே. அதற்கு விடை காண முயல்வோம்.

1956-ம் ஆண்டில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பெற்றது. 1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. மறு ஆண்டே மின்சார உற்பத்தியும் தொடங்கிற்று. அன்றைய தென்னாற்காடு ஜில்லாவில் மணிலாவும் முந்திரியும் விளைந்த செம்மண் பூமி, நாட்டின் விளக்குகளை எரிய வைக்கும் இடமாயிற்று. ஆனால் அங்கு மண்ணை அகழ்வது மண்வெட்டியன்று. சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள் பொருத்திய பெரும் இயந்திரங்கள் இரவு பகலாக அகழ்கின்றன. அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். பிறர் வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் காலங்கழித்த குடும்பத்துக்கு அந்த வாசல் எளிதில் திறப்பதில்லை.

நிலம் கொடுத்தவருக்கு விலையேனும் கிடைக்கும். அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவரின் கதி யாது? 2013-ம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம் இதை எண்ணிப் பார்த்திருக்கிறது. நிலமில்லாவிடினும், எடுப்புக்கு முந்திய 3 ஆண்டுகள் அப்பகுதியில் உழைத்துப் பிழைத்த விவசாயத் தொழிலாளியும் குத்தகைதாரரும் பாதிக்கப்பட்ட குடும்பத்தினரே என்று அது வரையறுக்கிறது. எந்தக் குடும்பம் எவர் நிலத்தை நம்பி வாழ்ந்தது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களைவிட நன்கறிந்தவர் யார்? பட்டா உள்ளவரின் பெயரைத் தாலுகா அலுவலகம் அறியும். பட்டா இல்லாதவரின் பெயரை ஊர்தான் அறியும்.

இனி, எல்லாக் கிராமங்களுக்கும் உரிய வேலைத் திட்டத்துக்கு வருவோம். 1980-ல் தேசிய கிராம வேலைவாய்ப்புத் திட்டமும், 1989-ல் ஜவஹர் வேலைவாய்ப்புத் திட்டமும் வந்தன. பணம் ஒதுக்கியபோது வேலை நடந்தது, தீர்ந்தபோது நின்றது. 2005-ம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் இம்முறையைத் தலைகீழாக்கிற்று. 2006 பிப்ரவரி 2-ந் தேதி அது இந்தியாவின் 200 மாவட்டங்களில் அமலுக்கு வந்தது. அவற்றுள் தமிழ்நாட்டு மாவட்டங்கள் ஆறே. அந்த ஆறில் நம் கடலூரும் ஒன்று. ஆண்டுக்கு 100 நாள் வேலை என்பது சலுகையாக இல்லாமல் சட்டப்படியான உரிமையாயிற்று. தமிழ்நாட்டில் வேலைக்கு வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதைப் பல பெண்மணிகள் முதன்முதல் கண்டது அந்த ஏரிக்கரைகளில்தான்.

ஆயினும் இச்சட்டத்தின் உயிர்நிலையைப் பலர் இன்றும் அறிந்திலர். அது ஒரு சிறு துண்டுக் காகிதம்: வேலை கேட்டு எழுதிய விண்ணப்பத்துக்குத் தேதியிட்டுத் தரப்படும் ரசீது. விண்ணப்பித்த 15 நாட்களுக்குள் வேலை தரவேண்டும். தராவிடில் வேலையில்லாக் காலப் படி தரவேண்டும் என்பது விதி. முதல் 30 நாட்களுக்குக் கூலியில் கால் பங்குக்கும், பின்னர் அரைப் பங்குக்கும் அப்படி குறையலாகாது என்று 2005-ம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. கணக்குக்காக நாட்கூலியை 300 ரூபாய் என்று கொள்வோம். கால் பங்கு 75 ரூபாய். 30 நாளைக்கு 2,250 ரூபாய். ரசீது இல்லையேல் 15 நாட்களை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? வாய்மொழியாகக் கேட்டவர் கேட்டதாகவே ஆகமாட்டார். அச்சட்டத்தின்கீழ் கூலியை மத்திய அரசாங்கம் ஏற்றது; படியை மாநில அரசாங்கம் ஏற்க வேண்டியிருந்தது. ரசீது கொடுக்க அலுவலர்கள் தயங்குவதன் காரணத்தை இதிலிருந்து வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2025 டிசம்பரில் பாராளுமன்றம் இச்சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டமொன்றை இயற்றிற்று. அதில் நாட்கள் 125. 15 நாள் தவணையும் படியும் அதிலும் உண்டு. செலவில் நூற்றுக்கு 40 பங்கு மாநிலத்தைச் சேர்ந்ததாயிற்று. விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாட்கள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் அது இடந்தருகிறது.

இக்கடைசி விதி விவசாயிகளின் நெடுநாள் குறையிலிருந்து பிறந்தது. நடவு நேரத்தில் ஆள் கிடைப்பதில்லை என்பது அவர்கள் கூற்று. வயலில் கூலி குறைவு என்பது தொழிலாளர் கூற்று. இரண்டிலும் உண்மை உண்டு. நம் வட்டாரத்தில் மாசி, பங்குனி தொடங்கி முந்திரிக்கு ஆள் வேண்டும். நெல்லுக்கு வேறு மாதம், கரும்பு வெட்டுக்கு வேறு மாதம். எந்த மாதத்தில் ஊர் சும்மா இருக்கிறது என்பதைக் கிராம சபையில் பேசி முன்கூட்டியே எழுதி வைத்த ஊரில் இந்தச் சச்சரவு குறையும்.

செய்வதற்கு வேலை இல்லையா என்ன? சுரங்கத்தில் வெள்ளம் புகாதிருக்க நிலத்தடி நீரை இடைவிடாது இறைக்கிறார்கள். அந்நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்குப் பாய்ந்து வயல்களை நனைக்கிறது. அந்நீர் எட்டாத ஊர்களுக்கோ மழைநீரைத் தேக்கும் குளமும் ஏரியுமே துணை. வரத்து வாய்க்கால் தூர்ந்த ஏரி, கரை கரைந்த குட்டை, மதகு உடைந்த கால்வாய் ஆகியவற்றின் பட்டியலை அக்டோபர் 2-ந் தேதி கிராம சபைக்கு முன்பே அங்கத்தினர்கள் நேரில் நடந்து பார்த்துத் தயாரிக்க வேண்டும். அதே சபையில், வேலை கேட்போர் அனைவரும் விண்ணப்பத்தின் இரு பிரதிகளைக் கொணர்ந்து, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியும் கையொப்பமும் பெற்றுச் செல்லலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கப் பள்ளி இறுதி வகுப்பு மாணவர் இருவரை ஒரு மேசை போட்டு அமர்த்தினால் போதும். அரை நாளில் முடியும்.