கொசுவுக்கும் உண்டு மேப்!

எந்தக் கொசு எந்த ஊரில் இருக்கிறது என்று மேப் போடுவதையே வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? 'இதுக்கு எதுக்கு சார் மேப், எங்க வீட்டுக்கு ஒரு ராத்திரி வந்து படுத்துப் பாருங்களேன்' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். கடிக்கிற கொசுவெல்லாம் மலேரியாவைக் கொண்டுவருவதில்லை. அனாபிலஸ் என்ற வகைதான் கொண்டுவரும். அதிலும் எல்லாம் அல்ல, சில இனங்கள் மட்டும்.

அவற்றில் ஒன்று, 'அனாபிலஸ் ஸ்டீபன்சை'. சென்னைக்குப் பழைய ஆசாமி! சாக்கடைப் பக்கமே அதிகம் போகாது. கிணறு, மூடாத ஓவர்ஹெட் டேங்க், தண்ணீர்த் தொட்டி என்று நாம் குடிக்க, குளிக்கச் சேர்த்து வைக்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். 'எங்க தெரு படு சுத்தம்' என்பவர் வீட்டிலும் மலேரியா வருவது இதனால்தான்.

இந்தியா, பாகிஸ்தான், ஈரான், அரபு நாடுகள்... இவைதான் இந்தக் கொசுவின் எல்லை என்று பழைய மேப்கள் காட்டின. 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் இது அகப்பட்டது. அந்த வருடம் அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 27 பேர். 2020-ல்? 73 ஆயிரத்துக்கும் மேல்! பழி முழுவதும் இந்தக் கொசுவுக்கே சேருமா என்று கேட்கலாம். ஆனால், பெரும்பங்கு இதற்குத்தான் என்கிறார்கள் நிபுணர்கள். பிறகு எத்தியோப்பியா, சூடான், நைஜீரியா, கென்யா என்று பட்டியல் நீண்டது.

ஆப்பிரிக்காவின் சொந்த மலேரியாக் கொசுக்கள் பெரும்பாலும் கிராமத்துக் குட்டைகளில், மழைக்காலத்தில் பெருகுபவை. இதுவோ நகரத்துத் தொட்டியில், கோடையிலும் பெருகும். கவலையே அதுதான்.

சரி, மேப் எப்படிப் போடுகிறார்கள்? நீளக் கைப்பிடி வைத்த அகப்பையோடு வீடு வீடாகப் போகிறார்கள். தண்ணீரை மொண்டு, கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அனாபிலஸ் புழு தண்ணீரின் மேல்மட்டத்தில் படுத்தாற்போல மிதக்கும், மற்றவை தலைகீழாகத் தொங்கும். புழுவைக் கொசுவாக வளரவிட்டு, மைக்ராஸ்கோப்பில் இனம் பார்த்து, கிடைத்த இடத்தை மேப்பில் புள்ளியாக வைக்கிறார்கள். அந்த இடங்களின் வெப்பம், மழை, ஜனநெருக்கடி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு, 'இதே மாதிரி வேறு எங்கே இருக்கிறது?' என்று கேட்கிறார்கள். மேரியான் சின்கா என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2020-ல் இப்படிக் கணக்கிட்டு, இந்தக் கொசு பரவினால் ஆப்பிரிக்க நகரங்களில் இன்னும் 12 கோடியே 60 லட்சம் பேர் ஆபத்துக்கு உள்ளாவார்கள் என்றது.

ஆனால், மேப்பில் புள்ளி இல்லாத இடத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கொசு இல்லாததாலும் காலியாக இருக்கலாம். யாரும் போய்ப் பார்க்காததாலும் இருக்கலாம். இரண்டும் மேப்பில் ஒரே மாதிரிதான் தெரியும்!

இதோ, பக்கத்திலேயே ஓர் உதாரணம். 2016 செப்டம்பரில் 'மலேரியா இல்லாத நாடு' என்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அந்த வருடக் கடைசியிலேயே, மன்னாரில் கிணற்றுத் தண்ணீரில் ஸ்டீபன்சை புழு கிடைத்தது. பிறகு யாழ்ப்பாணத்திலும். நோய் ஒழிந்ததே என்று அகப்பையைக் கீழே போடாமல் வழக்கமான சோதனையைத் தொடர்ந்ததால்தான் தெரியவந்தது. மலேரியாக் கிருமியோடு வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து, அவரை இந்தக் கொசு கடித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதற்குள் ஊரை உஷார்படுத்த நேரம் கிடைத்ததே, அது பெரிய விஷயம்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்? ஓவர்ஹெட் டேங்க் மூடி இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். காற்றுக் குழாய்க்கு வலை கட்டுங்கள். கிணறு இருந்தால் கம்பூசியா மீன் விடலாம், புழுக்களைத் தின்றுவிடும். தொட்டி, டிரம்களை வாரம் ஒரு முறை காலி செய்து காயவிடுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும்.

கொசு ஒழிப்பு ஊழியர் கதவைத் தட்டினால், 'எங்க வீட்ல அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா' என்று வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு மாடிக்கு அழைத்துப்போய் டேங்க்கைத் திறந்து காட்டுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் அவரால் புள்ளி வைக்க முடியாது.