போலச் செய்தல்

இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தில் உள்ளது ஏலப்பாறை. அதனைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. அங்குள்ள லயம் ஒன்றில் வாழும் ஏழாம் வகுப்பு மாணவி, மழையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். துணைநூலில் கண்ட தொடர்களையே சிறிது மாற்றி அமைத்திருந்தாள். அக்கட்டுரையில் நகரத்துத் தெருவில் குடைகள் விரிந்தன. காகிதக் கப்பல்கள் மிதந்தன. ஆசிரியை அதன் ஓரத்தில் ‘இமிடேட்டிவ்’ என்று எழுதித் தந்தார்.

மாணவி அகராதியைப் புரட்டினாள். ‘பிறவற்றைப் பின்பற்றி அமைந்த’ என்பது அதன் பொருள். இந்தியில் ‘அனுகரணாத்மக்’ என்றிருந்தது. ‘அனு’ என்றால் பின். ‘கரணம்’ என்றால் செய்தல். பின்பற்றிச் செய்வது அனுகரணம். மலையாளத்திலும் இச்சொல் வழங்குவதால் அவளுக்குப் பொருள் எளிதில் விளங்கியது. விளங்கியதும் முகம் வாடியது.

மாலையில் பாட்டியிடம், “பிறரைப் பார்த்துச் செய்வது குற்றமா, பாட்டி?” என்று கேட்டாள்.

“கொழுந்து பறிக்க எனக்கு எந்தப் புத்தகம் கற்றுக் கொடுத்தது? என் அம்மாவின் விரல்களைப் பார்த்தேன், அவ்வாறே பறித்தேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது என்பதை என் கண் அறிந்தபின், என் கை தன் வழியில் ஓடியது. பார்த்துச் செய்வது தொடக்கம், அம்மா. அங்கேயே நின்றுவிடுவதுதான் குறை” என்றார் பாட்டி.

அப்போது தகரக் கூரையில் சடசடவென மழை இறங்கியது. மூடுபனி வாசல்வரை வந்தது. பாட்டி காலில் ஏறிய அட்டையை உப்புத் தடவி அகற்றினார். மாணவி கட்டுரையை மீண்டும் எழுதத் தொடங்கினாள். இம்முறை துணைநூல் மூடியே இருந்தது.

தெரிந்துகொள்வோம்

‘இமிடேட்டிவ்’ என்பது எப்போதும் பழிச்சொல் அன்று. இயற்கை ஒலியைப் போன்று அமைந்த சொற்களையும் அது குறிக்கும். இந்தியிலும் அவை அனுகரணாத்மகச் சொற்களே. தமிழில் அவை ஒலிக்குறிப்புச் சொற்கள் எனப்படும். மழை தமிழில் ‘சடசட’ எனப் பெய்யும். இந்தியில் ‘ரிம்ஜிம்’ எனத் தூறும். ஆங்கிலத்தில் ‘பிட்டர் பேட்டர்’ என விழும். மழை ஒன்றே, கேட்கும் மொழிகள் வேறு.

‘சடசட’ போன்று இரட்டித்தே நின்று, பிரித்தால் பொருள் தராத சொல் இரட்டைக்கிளவி. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இதற்கு விதி கூறுகிறது. இத்தகைய சொல்லமைப்பு திராவிட மொழிகளுக்கும் வடஇந்திய மொழிகளுக்கும் பொதுவாக இருப்பதை மொழியறிஞர் எமனோ 1969இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்.

சொல் வேறுபாடு

அனுகரணாத்மக் – பின்பற்றி அமைந்த
நக்லீ – போலியான
நகல் – படி (அரபியிலிருந்து வந்த சொல், இந்தியிலும் தமிழிலும் உண்டு)

பயிற்சி

1. பாட்டி எதனைக் குறை என்றார்? ஏன்?
2. கலகல, சலசல, படபட: இவற்றைத் தொடரில் அமைத்து எழுதுக.
3. உம் வீட்டில் கேட்கும் மழையை, எந்த நூலையும் பாராமல் ஐந்து தொடர்களில் எழுதுக.