ஜப்பானிய நிறுவனத்துக்குப் பரிசு கொண்டு போகிறீர்களா?

தொழில் பேச டோக்கியோவுக்கோ ஒசாகாவுக்கோ கிளம்புகிறவர்கள் பெட்டி கட்டும்போதே இவற்றைக் கவனியுங்கள்.

1. தனித்தனியாக உறையிட்ட தின்பண்டமாக வாங்குங்கள். அலுவலகத்தில் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து கொடுப்பார்கள். உறையிட்ட கடலைமிட்டாய் தாராளமாகப் போதும்.

2. இறைச்சி சேர்ந்த எதையும் எடுக்காதீர்கள். விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

3. நான்கு, ஒன்பது என்ற எண்ணிக்கையில் தராதீர்கள். இரண்டும் அங்கே அபசகுனம்.

4. நேர்த்தியாகத் தாள் சுற்றுங்கள். கறுப்பு வெள்ளை நாடா மட்டும் கட்டாதீர்கள். அது துக்க வீட்டுக்கு உரியது.

5. பையிலிருந்து எடுத்து, எழுத்து அவர் பக்கம் பார்க்கத் திருப்பி, இரு கைகளாலும் கொடுங்கள். பை தூசு படாமல் கொண்டுவர மட்டுமே.

6. அவர் பிரிக்காமல் வைத்தால் மனம் வாடாதீர்கள். கொடுத்தவர் எதிரே பிரிக்காமல் இருப்பதும் அங்கே மரியாதைதான்.

7. விலை உயர்ந்ததைத் தவிருங்கள். ஈடாகத் திருப்பித் தரவேண்டிய சுமை அவருக்கு வரும்.

8. அரசு அதிகாரிகளுக்குப் பரிசே வேண்டாம். அங்கே விதிகள் கடுமையானவை; நல்லெண்ணமும் லஞ்சமாகத் தெரியும்.

பரிசின் விலையைவிடக் கொடுக்கும் முறைக்கே அங்கே மதிப்பு அதிகம்.